ராணியின் கன்னத்தில் எவன் கை வைத்தான்?

ராணியின் கன்னத்தில் ஒரு விரல் பதிந்திருந்தது.

கறுப்பென்று சொல்ல முடியாது. வெந்த பனங்கிழங்கின் தோல் நிறம். நெற்றியோரத்தில் தொடங்கி மூக்கு நுனிவரை வளையம் வளையமாகப் படர்ந்து கிடந்தது. பூதக்கண்ணாடியை நெருக்கிப் பிடித்தால் பரம்படித்த சேற்றில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்பது போலத் தெரிந்தது.

"பாத்தியா பாப்பா? எவனோ ராணி கன்னத்துல கை வச்சிட்டான்."

சொன்னவர் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தாளாளர். குரலில் இழவு வீட்டுக் கம்மல். அவர் வீட்டுக் கூடத்தில், தேக்கு மேசைமேல், நீல வெல்வெட் விரித்த தட்டு ஒன்று இருந்தது. தட்டில் குழி குழியாக வெள்ளி ரூபாய்கள். நடுக்குழியில் விக்டோரியா மகாராணி, அச்சிலிருந்து இறங்கிய அன்றைய பளபளப்போடு, கன்னத்தில் எவனுடையதோ விரலோடு.

வெளியே கேட்டுக்கு அப்பால் ஊரில் பாதி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் என் அப்பாவும் இருந்தார். அவர்களுக்காக அந்தக் குரல் ஒருநாளும் கம்மியதில்லை.

நான் கும்பகோணத்தில் வேதியியல் படித்து முடித்து வந்திருந்த புதிது. பள்ளியில் ஆய்வக உதவியாளர் இடம் காலி. எங்கள் தெருவில் அதுவரை மாதச் சம்பளம் வாங்கிய கை ஒன்றுகூடக் கிடையாது. தாளாளர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். என் பெயர் தட்டச்சு செய்த தாள் அதில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"கெமிக்கல் படிச்சிருக்கியாமே. இந்த ரேகைய எடுத்துக் குடு. ஆர்டர எடுத்துக்கிட்டுப் போ."

கல்லூரியில் மூன்று வருடம் நான் எழுதிய தேர்வெல்லாம் ஒன்றுமில்லை. இதுதான் தேர்வு. கேள்வித்தாள் ராணியின் மூஞ்சி.

வேட்டிக்கரை

தாளாளருக்கு எவ்வளவு நிலம் என்பது அவருக்கே தெரியாது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பொய். அவருக்கு நன்றாகத் தெரியும். தாசில்தாருக்குத்தான் தெரியாது.

நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்ற பேச்சு நீடாமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி எங்கள் ஊருக்கு நடந்து வந்து சேர்வதற்குள் அவருடைய நிலங்கள் பெயர் மாறிவிட்டன. கொஞ்சம் பம்பாய் மருமகன் பேருக்கு. கொஞ்சம் சமையல்காரர் பேருக்கு. வாய்க்கால் ஓரத்து நல்ல நிலமெல்லாம் பிள்ளையார் பேருக்கு. எப்போதோ காலமாகிவிட்ட ஒரு அத்தை பேருக்கு ஒரு வேலி, ஏறக்குறைய ஏழு ஏக்கர். உயிரோடு இருந்தவரை அந்த அத்தை சோற்றுக்கு இந்த வீட்டு அடுக்களைப் பக்கம்தான் காத்து நின்றாள். செத்தபிறகு மிராசுதாரிணி ஆனாள்.

ஆட்சி மாறியபோது அவருடைய வேட்டிக்கரையும் மாறியது. அதுவரை கதர். பிறகு இரண்டு நிறக் கரை. அதோடு விட்டாரா? வட்டாரப் பகுத்தறிவு மன்றத்துக்குத் தலைவராகவும் ஆனார். மேடையேறி, "கல்லுக்குப் பாலை ஊற்றாதீர்கள் தோழர்களே" என்று எங்களைப் பார்த்து முழங்குவார். எங்களுக்குக் காப்பியில் ஊற்றவே பால் கிடையாது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மாற்றம் வந்திராவிட்டால் நான் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டேன். விடுதிச் சோறும் உபகாரச் சம்பளமும் அது கொடுத்தது. அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. என் ஏளனமெல்லாம், வெள்ளம் வந்ததும் முதல் ஆளாக இறங்கி முழுகிவிட்டு, உலர்ந்த வேட்டியோடு கரையேறி நின்று, "தண்ணி நல்லாத்தான் இருக்கு, நீங்க இறங்காதீங்க" என்று சொன்னவர்கள் மேல்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிகள்

நாணயம் சேர்ப்பவர்கள் கூடிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

நிலத்துக்கு உச்சவரம்பு வந்தது, நாணயத்துக்கு வரவில்லை. அதனால் அந்தக் காலத்தில் டெல்டாவின் பெரிய வீடுகளில் திடீரென்று வெள்ளி ரூபாய்மேல் காதல் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாளாளர் வீட்டுக் கூடத்தில் கூடுவார்கள். மன்னார்குடிப் பக்கம் ஒருவர், குடவாசல் பக்கம் ஒருவர், தாளாளருடைய மனைவியின் அண்ணனான வக்கீல். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிப்பார்கள். பிறந்த குழந்தையைக்கூட அந்த வீடுகளில் அவ்வளவு பதமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. கூலிக்காரனின் கையில் நெல்லை அளந்து போடும்போது ஒரு முழம் உயரத்திலிருந்து கொட்டும் அதே விரல்கள்.

அவர்களுடைய உலகத்தை இரண்டாகப் பிளந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கழுவலாமா, கூடாதா?

தாளாளர் கழுவும் கட்சி. கும்பகோணத்தில் வெள்ளிப் பாத்திரக் கடைக்காரர் கொடுத்த மருந்து அவரிடம் ஒரு புட்டி இருந்தது. அழுகிய முட்டை வாடை. அதில் முக்கி எடுத்தால் எந்தக் கறுப்பும் கண்ணெதிரே கரையும். "அழுக்கு அழுக்குதான். போக்குனாத்தான் மதிப்பு" என்பார்.

வக்கீல் கழுவாத கட்சி. ராணியை அந்த மருந்தில் முக்க விடாமல் தடுத்து வைத்திருந்தவர் அவர்தான். வாய் நிறைய வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, ஆளைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிற மனிதர்.

"மச்சான், உங்க வீட்டு வெள்ளிச் சொம்புல உங்க அப்பா பேரு வெட்டியிருந்துச்சே, இப்ப இருக்கா? வாராவாரம் திருநீறு போட்டுத் தேச்சு அப்பாவையே அழிச்சிட்டீங்க. காசையும் அப்படித்தான் அழிக்கப் போறீங்க. வெள்ளிக்கு வயசே அதோட கறுப்புதான்."

"உமக்கு என்னய்யா, கோர்ட்டுல அழுக்க வச்சுத்தான பொழப்பு."

"அதனாலதான் சொல்றேன். மூலத்துல கை வைக்கப்படாது."

மூலத்தில் கை வைக்கக்கூடாதாம். இறந்துபோன அத்தைக்கு ஒரு வேலி எழுதிக் கொடுத்த பத்திரம் இவர் தயாரித்ததுதான்.

கழுவலாமா என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள், எங்கேயாவது ஒரு கல்யாண வீட்டில், கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி. நான் சொல்வது ஒன்றுதான். புதிதாகப் பட்ட விரலா, அசிட்டோனில் கொஞ்சநேரம் போட்டு எடு, தேய்க்காதே. பழைய விரலா, விட்டுவிடு. கேட்டவர் முகம் சுருங்கும். அவர்களுக்கு வேண்டியது பதில் இல்லை. கழுவச் சொல்லி ஒரு வார்த்தை.

வெள்ளைத்தாள்

கூட்டம் ஏன் கேட்டுக்கு வெளியே நின்றது என்று சொல்ல வேண்டும்.

சில வாரங்களுக்கு முன் குத்தகைதாரர்கள் தாளாளரைப் பார்க்க வந்திருந்தார்கள். சாகுபடி செய்கிறவர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. அதைப் பற்றிப் பேச. என் அப்பா வீரையன் ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர், குத்தகைக்கு உழுதவர். அவரும் வந்திருந்தார். அதுவரை கூடத்துக்குள் காலெடுத்து வைத்திராதவர்கள் அன்று முதல்முறையாக உள்ளே வந்து நின்று பேசினார்கள். அப்போது மேசைமேல் நீல வெல்வெட் தட்டு திறந்து இருந்திருக்கிறது.

அவர்கள் போனபிறகு ஒருநாள் தாளாளர் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். ராணி கன்னத்தில் விரல்.

அவருக்குச் சந்தேகமே இல்லை. "வந்தவனுங்கள்ல ஒருத்தன்தான். இன்னிக்கு ராணிய தொட்டவன் நாளைக்கு எதத் தொடுவான்?" என்றார். பிறகு ஓர் உத்தரவு போட்டார். அன்று வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளில் கட்டைவிரல் ரேகை வைத்துக் கொடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பாராம்.

டெல்டாவில் ஒரு குத்தகைதாரனிடம் போய் வெள்ளைத்தாளில் ரேகை கேட்பது என்றால் என்ன தெரியுமா? சுற்றுவட்டத்தில் எத்தனை பேர், ஏதோ மானியம் என்று நம்பி வெற்றுத்தாளில் விரலை வைத்துவிட்டு, மறுவாரம் "நிலத்தை மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்" என்று தாங்களே எழுதிக் கொடுத்ததாகத் தாலுகா கச்சேரியில் படிக்கக் கேட்டிருக்கிறார்கள். காசாவது ராணியாவது. ஒருத்தரும் நம்பவில்லை.

"காசுக்காம்ல. காசுக்கு எதுக்குடா ரேகை? நெலத்துக்குத்தான் ரேகை," என்றார் அப்பா.

தாளாளர் வயல்களில் குறுவை நடவுக்கு நாற்று தயாராக நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. ரேகை கேட்ட பேச்சை வாபஸ் வாங்கினால்தான் நடவு என்று சொல்லிவிட்டார்கள். நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஆற்றில் வந்த தண்ணீர் வாய்க்காலில் சும்மா ஓடி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு விரல் தடத்துக்காக.

அன்று காலை நான் கேட்டைத் திறந்து உள்ளே போனபோது நடவுக்காரி சின்னப்பொண்ணு அக்கா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னடி மல்லிகா, நீ ரேகை வைக்கப் போறியா, எடுக்கப் போறியா?"

"எடுக்க."

"எடு, எடு. உன் ரேகை உள்ள மாட்டாம வெளிய வா."

பஞ்சு

நான் கொண்டுபோனது ஒரு சிறிய புட்டி அசிட்டோன், கொஞ்சம் பஞ்சு. எதற்கென்று முன்பே சொல்லி அனுப்பியிருந்ததால், கல்லூரியில் பேராசிரியையிடம் கெஞ்சி வாங்கிவந்தது. மூடியைத் திறந்ததும் கனிந்த பழத்தைக் கத்தியால் பிளந்த மாதிரி வாசனை கூடமெங்கும் ஏறியது. வக்கீல் மூக்கைச் சுளித்துக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்.

"இது எண்ணெய்ப்பசைய மட்டும்தாங்க எடுக்கும். வெள்ளியத் தொடாது," என்றேன். "புதுசா பட்ட விரல்னா போயிரும். பழசா இருந்தா வேர்வை உப்பு வெள்ளியவே மாத்தியிருக்கும். அது மேல ஒட்டுன அழுக்கு இல்லீங்க. வெள்ளிதான் அப்படி ஆயிருக்கும்."

"அப்ப அத உரி."

"உரிச்சா தோலோட போயிருங்க. இந்த மினுக்கம் தோல்லதான் இருக்கு."

நாணயத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். ஒளி ராணியைச் சுற்றிக் காற்றாடி போல் ஒருமுறை சுழன்றது. அச்சு இறங்கும்போது வெள்ளி நெளிந்து ஓடிய தடம் அது. மருந்தில் முக்கினால் முதலில் போவது அதுதான்.

"கேட்டீங்களா மச்சான்," என்றார் வக்கீல், வழக்கு ஜெயித்த மாதிரி.

"நீ முதல்ல ஒன்னோடத போடு. பாக்கலாம்," என்றார் தாளாளர்.

கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றி ராணியை இறக்கினேன். கொஞ்சநேரம் விட்டு, ஈரப்பஞ்சைத் தேய்க்காமல் ஒருமுறை உருட்டி எடுத்தேன். விரல் அப்படியே இருந்தது. பழைய விரல். ஆனால் பஞ்சு மஞ்சளாகியிருந்தது.

உடம்பு எண்ணெய் இந்த மஞ்சளில் வராது. நான் மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். ராணியின் பின்னலிட்ட கூந்தல் இடுக்கில் சிவப்பாக இரண்டு மூன்று துகள். மணலும் இல்லை, துருவும் இல்லை.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாத பெண் யார்?

"ஐயா, கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்க," என்றேன் வக்கீலிடம்.

"எதுக்கு, வெத்தலை போடப் போறியா?"

சொல்லிக்கொண்டே டப்பாவை நீட்டினார். ஒரு துளித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து மஞ்சள் பஞ்சின்மேல் விட்டேன். பஞ்சு சிவந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்கு வாசலில் சுற்றுகிற ஆரத்தித் தட்டு எப்படிச் சிவக்குமோ அப்படி.

மஞ்சளும் சுண்ணாம்பும். குங்குமம்.

வக்கீல் எழுந்து வந்து குனிந்தார். தட்டில் மற்றக் குழிகளில் இருந்த நாணயங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பார்த்தேன். மொட்டைத்தலை ராஜா ஒருவர். நெற்றியில் விரல். கிரீடம் வைத்த ராஜா. நெற்றியில் விரல். தாடி ராஜா. அவருக்கும். அவையெல்லாம் பழக்கத்தில் தேய்ந்து மங்கிய நாணயங்கள். அதனால் கண்ணில் படவில்லை. ராணி பளிச்சென்று இருந்ததால் மாட்டிக்கொண்டாள். அவள் கன்னத்தில் யாரும் கை வைக்கவில்லை. நெற்றியில் வைத்த விரல் கன்னம்வரை அமுங்கியிருந்தது.

"இது கட்டைவிரல் இல்லீங்க," என்றேன். "மோதிர விரல். ஒல்லியா இருக்கு பாருங்க. பொட்டு வைக்கிற விரல். எல்லா ராஜா நெத்தியிலயும் இருக்கு."

வக்கீல் ஒரு நிமிஷம் மச்சானைப் பார்த்தார். வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார்.

"ஆயுத பூஜை! அடப்பாவி மச்சான், ராணிக்குப் பொட்டு வச்சது நீரா?"

"வாய மூடும்யா. வீட்டுப் பொம்பளைங்க வச்சிருப்பாங்க."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தாளாளருடைய மனைவி. கூடத்துக்கு வரவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்தே தெளிவாகச் சொன்னார்.

"நான் எதுக்கு வைக்கிறேன்? டிராக்டர், துப்பாக்கி, டைப் மிஷினு, காசுத்தட்டு, எல்லாத்துக்கும் நீங்கதான சாமி ரூம் கதவ சாத்திக்கிட்டு வருஷா வருஷம் வைக்கிறீங்க. கட்சிக்காரங்க பாத்துடப் போறாங்கன்னு ஜன்னலையும் சாத்தச் சொல்லி."

மனிதன் சாமி கும்பிடுவதில் எனக்கு ஒரு ஏளனமும் இல்லை. கும்பிட்ட விரலைக் கேட்டுக்கு வெளியே நிற்பவன் கையில் ஒட்டப் பார்த்தாரே, அதற்குத்தான்.

பின்வாசல்

தாளாளர் சட்டென்று எழுந்தார். மருந்துப் புட்டியை எடுத்து, கிண்ணத்தில் இருந்த அசிட்டோனைச் சன்னல் வழியே கொட்டிவிட்டு, முட்டை நாற்றத்தை அதில் ஊற்றினார். ராணியைத் தூக்கி உள்ளே போட்டார். விளிம்பில் பிடிக்கவில்லை. ஐந்து விரலாலும் பிடித்தார்.

"ஐயா, வேணாங்க. செத்துப்போயிரும்."

"நீ சும்மா இரு."

விரல் கரைந்தது. அதோடு காற்றாடியும் கரைந்தது. வெளியே எடுத்து மேல்துண்டால் அழுத்தித் தேய்த்தார். ராணி வெள்ளை வெளேரென்று வந்தாள், சாம்பல் போட்டுத் துலக்கிக் கவிழ்த்த அலுமினியத் தட்டு மாதிரி. சாய்த்துப் பார்த்தால் ஒளி எங்கும் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"போச்சு பாத்தியா!" என்றார் தாளாளர். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் நிஜம். அதுதான் தாங்க முடியவில்லை.

வக்கீல் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இனிமே இது காசு இல்ல மச்சான். கழுவுன பாத்திரம்."

தாளாளர் இழுப்பறையைத் திறந்தார். என் பெயர் போட்ட தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, என் பக்கம் நகர்த்தினார்.

"திங்கக்கிழமை வந்து சேந்துக்க. இங்க நடந்தது இங்கயே இருக்கட்டும். பின்வாசல் வழியா போயிரு."

"வெளியில நிக்கிறவங்களுக்கு..."

"அவனுங்க ரேகைய வைக்கட்டும். கெமிக்கல் படிச்ச புள்ள பாத்துச்சு, வெளியாள் ரேகைதான்னு நான் சொல்லிக்கிறேன்."

"தாள் வரட்டும் மச்சான்," என்றார் வக்கீல். சிரிப்பு அடங்கித் தொழிலுக்குத் திரும்பிவிட்டிருந்தார். "வேற காரியத்துக்கும் ஆகும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அப்பாவின் ஆறு மா அந்த ஒரு வரிக்குள் இருந்தது.

தாளைக் கையில் எடுத்தேன். என் பெயருக்கு அந்தத் தட்டச்சு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை இப்போதும் சொல்ல முடியும். மாதச் சம்பளம். புடவை. பள்ளிக்கூட மணி. அம்மா தெருவில் நடக்கும்போது நிமிர்த்துகிற தலை. எல்லாம் அந்தத் தாளின் கனத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முன்வாசலைப் பார்த்து நடந்தேன்.

"ஏ! எங்க போற? பின்வாசல்னு சொன்னேன்."

"முன்வாசல் வழியாத்தாங்க வந்தேன்."

"அப்ப ஆர்டர வச்சிட்டுப் போ."

திரும்பி வந்தேன். வெல்வெட் தட்டின் நடுக்குழி காலியாக இருந்தது. தாளை மடித்து அதில் வைத்துவிட்டு நடந்தேன்.

சின்னப்பொண்ணு அக்காவின் கேள்விகள்

கேட்டில் சொன்னது நாலே வாக்கியம். விரல் அவருடையது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தது. கட்டைவிரலே இல்லை. யாரும் எந்தத் தாளிலும் கை வைக்காதீர்கள்.

சின்னப்பொண்ணு அக்காதான் தொடங்கினாள்.

"ராணிக்குப் பொட்டா?"

"ஆமாக்கா."

"பொட்டு வச்சு, பூ வச்சு விட்டானா?"

"தெரியலக்கா."

"வெத்தலை பாக்கு வச்சு ரவிக்கைத்துணி குடுத்தானா? வீட்டுக்கு வந்த சுமங்கலிய வெறுங்கையோட அனுப்பக்கூடாதே."

"அவ புருஷன் எப்பவோ போயிட்டானாம்ல," என்றார் ஒருவர்.

"அப்பறம் எதுக்குடா பொட்டு வச்சான் இந்தப் பகுத்தறிவு?"

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூடத்துச் சன்னல் ஒன்று அவசரமாகச் சாத்திக்கொண்டது.

அப்பா சிரிக்கவில்லை. என்னைத் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"வேலை என்னாச்சு?"

"குடுத்தாருப்பா. வச்சிட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

"பேசக்கூடாதுன்னு சொன்னாரு. நீங்கல்லாம் ரேகை வச்சிருந்தா..."

"நாங்க எங்கடி வைக்கிறோம்னு சொன்னோம்?" அப்பாவின் குரல் உயர்ந்தது. "வைக்க மாட்டோம்னுதான நடவையே நிறுத்திட்டு நிக்கிறோம். நீ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா? எங்களக் காப்பாத்த உன்ன யாரு கூப்புட்டா? வேலைய வாங்கிட்டு வந்து அப்பறம் சொல்லியிருக்க வேண்டியதுதான?"

கல்லூரி அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

வரப்பில் அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால். வாய்க்கால் தண்ணீர் எங்களோடு கூடவே வந்தது. அவர் முதுகு அத்தனை கோபமாக இருந்து நான் பார்த்ததில்லை. மதகு வந்தது. மூங்கில் குத்து வந்தது. அதைத் தாண்டியதும் திரும்பாமலே கேட்டார்.

"சுண்ணாம்பு பட்டதும் செவந்துச்சா?"

"செவந்துச்சுப்பா."

"நல்லாவா?"

"ஆரத்தி மாதிரி."

கொஞ்சதூரம் நடந்தார்.

"வக்கீல் சுண்ணாம்பா?"

"அவரு டப்பாதான்."

முதுகு குலுங்க ஆரம்பித்தது. வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். "இரு, மொதல்லேருந்து சொல்லு" என்றார். வீடு வரும்வரை மூன்று தடவை சொல்ல வைத்தார். ஒவ்வொரு தடவையும் தாளாளரின் மனைவி பேசும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தெருவில் அவள் தலை முன்போலவே குனிந்து போயிற்று. அதற்கு நான் எந்த வேதியியலைச் சொல்வேன்?

மறுநாள் விடிந்ததும் தாளாளர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. ரேகை வேண்டாமாம். நாற்று முற்றுகிறதாம்.

நான் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன். வரிசையில் என் முறை வர எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பஸ் எங்கள் ஊர் வயலோரம் திரும்பியபோது சன்னலில் பார்த்தேன். முட்டளவு சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வரப்பில் அப்பா நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மோதிர விரலை நீட்டிக் காற்றில் ஒரு பொட்டு வைத்தார்.

அத்தனை முதுகும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பஸ் சத்தத்தில் சிரிப்பு கேட்கவில்லை. நிமிர்ந்தது தெரிந்தது.